சேது காத்தல்: அண்டைக் கரைகளின் கலைக்கு ஒரு சத்திரம்

(இராமநாதபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்டை நாடுகளுக்கிடையே சமகாலக் காட்சிக்கலையை எப்படி ஆதரிப்பது என்பது இன்றைய பேச்சின் பொருள். ஓவியம், சிற்பம், புகைப்படம், காணொளி, இன்ஸ்டலேஷன் என்று கலைஞர்கள் சொல்லும் நிறுவற்கலை ஆகிய அனைத்தையும் காட்சிக்கலை என்ற சொல்லுக்குள் அடக்கிக்கொள்கிறேன். இது டெல்லியிலும் கொழும்பிலும் பேச வேண்டிய பொருள், இராமநாதபுரத்தில் ஏன் என்று சிலர் கேட்டார்கள். இங்கேதான் பேச வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பார்த்துவரத்தான் இன்று காலை இராமலிங்க விலாசத்துக்குப் போயிருந்தேன்.

1. சுவரில் இருந்த சமகாலம்

உங்கள் ஊர் அரண்மனையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த மாளிகை அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தில் அதன் சுவர்கள் ஓவியங்களால் நிறைந்தன. இராமாயணமும் பாகவதமும் அங்கே இருக்கின்றன. தேவி இராஜராஜேசுவரியிடம் அரசர் செங்கோல் பெறும் காட்சி இருக்கிறது. அவற்றோடு தஞ்சை மராட்டியருடன் நடந்த போரும், அரசர் ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியும், அந்தப்புரத்தின் அன்றாட வாழ்வும் இருக்கின்றன.

இன்று அதை மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நாம் ‘பழங்கலை’ என்று சொல்லிக்கொண்டு பார்த்துவிட்டு வருகிறோம். வரைந்த நாளில் அது பழங்கலையாக இல்லை. ஓவியர் தம் காலத்துப் போரை, தம் காலத்து அயல்நாட்டாரை, தம் அரசரின் முகத்தை வரைந்தார். கடலோரத்து அரசு ஒன்று தன் காலத்தில் நடந்தவற்றைக் கண்ணால் கண்டபடி எழுதிவைக்க இடமும் சம்பளமும் கொடுத்திருக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், அது சமகால ஓவியத்துக்குக் கிடைத்த அரசு ஆதரவு.

அங்கே நிற்கும்போது ஒன்று என்னை உறுத்தியது. ஆதரித்த அரசரின் பெயர் நமக்குத் தெரிகிறது. வரைந்த கைகளின் பெயர் நம்மை வந்து சேரவில்லை. இதை இப்போதைக்கு நினைவில் வையுங்கள். முடிவில் இங்கேயே திரும்பி வருகிறேன்.

2. இரு கரைக்கும் ஒரே சொல்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் காளையின் உருவத்தோடு ஒரு தமிழ்ச் சொல் பொறித்திருக்கும். அந்தச் சொல் ‘சேது’. அவர்கள் தம்மைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டார்கள். இக்கரையில் மறவர் சீமையின் அரசர்களுக்குச் சேதுபதி என்பதே பட்டம். இரண்டு அரசுகள், நடுவே கடல். இருவரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, கடக்கும் வழிக்கு நாங்கள் காவல் என்பதைத்தான்.

இந்தக் காவல் வெறும் பட்டமாக நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860களில் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் திருக்கோவையார் உரையையும் பிழை நீக்கி அச்சிட்டபோது, அதற்குப் பொருள் உதவியவர் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுசாமித் தேவர். அறிஞர் அக்கரையில், வள்ளல் இக்கரையில், அச்சகம் சென்னையில். எந்த நூலை எடுக்க வேண்டும், எந்தப் பாடத்தைக் கொள்ள வேண்டும் என்பது நாவலரின் வேலையாக இருந்தது. பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியை வெளியிட்டது அந்தச் சங்கம்தான்.

1897 ஜனவரியில் விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் வழியாக வந்து பாம்பனில் கரையேறினார். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் சீட்டு எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போக முடிந்தது. போட் மெயில் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து போய்க்கொண்டிருந்த கப்பலையும் 1980களில் இலங்கைப் போர் நிறுத்தியது. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று இரண்டு கரை மீனவரும் காற்றுக்கு ஒரே பெயர்களைச் சொல்கிறார்கள். இன்று அந்த 30 கிலோமீட்டரை ஓர் ஓவியர் கடக்க வேண்டுமானால் விமான நிலையம் தேடிப் போக வேண்டும். அல்லது 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்க வேண்டும்.

3. கைவிட்டுப் போன சேகரம்

வழி இருந்த காலத்திலும் கொள்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழர். இலங்கையின் கைவினைகளைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட நூல் அந்தத் துறைக்கே அடித்தளம். பிறகு இந்தியாவுக்கு வந்து, ராஜபுத்திர ஓவியங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரத்தை வைத்து ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்தால் முழுவதையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. 1917இல் சேகரமும் அவரும் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். 1947இல் இறக்கும்வரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

இதை மேலைநாட்டார் அள்ளிச் சென்ற கதையாகச் சொல்வது எளிது. நடந்தது அதுவல்ல. ஒரு கரையில் பிறந்து மறுகரையில் உழைத்தவருக்கு இரண்டு கரையிலும் ஒரு கூரை கிடைக்கவில்லை. கூரை கொடுத்த இடத்துக்கு அவர் போனார்.

4. ஒப்பந்தங்களும் கட்டடங்களும்

விடுதலைக்குப் பிறகு நம்மிடம் நிறுவனங்கள் வந்தன. லலித் கலா அகாதெமி 1954இல் தொடங்கியது. முல்க் ராஜ் ஆனந்த் அதன் தலைவராக இருந்தபோது 1968இல் ‘டிரையனாலே இந்தியா’ என்ற பன்னாட்டுக் கண்காட்சி பிறந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஓவியங்களை டெல்லியில் ஒரே கூரையின்கீழ் பார்க்க வைத்த பெரிய முயற்சி அது. 2005க்குப் பிறகு தொடரவில்லை.

இந்தியாவும் இலங்கையும் 1977 நவம்பர் 29 அன்று பண்பாட்டு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்றுவரை பண்பாட்டுப் பரிமாற்றங்களுக்கு அதுவே அடிப்படை. 1998இல் கொழும்பில் இந்தியப் பண்பாட்டு மையம் திறந்தது. இப்போது அதன் பெயர் சுவாமி விவேகானந்தர் பண்பாட்டு மையம். இசை, நடனம், இந்தி, யோகா ஆகியவை அங்கே முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்கு அருகே இந்தியா 1.1 கோடி டாலருக்கு மேல் நன்கொடை தந்து பண்பாட்டு மையம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. 600 பேர் அமரும் அரங்கம், அருங்காட்சியகம், 11 மாடிக் கற்றல் கோபுரம் எல்லாம் கொண்ட அந்தக் கட்டடம் 2023 பிப்ரவரியில் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் வந்தது.

இவை நல்ல செயல்கள். போரில் நொறுங்கிய ஊருக்கு ஓர் அரங்கம் கிடைப்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இவற்றின் போக்கைக் கவனியுங்கள். அரசுகளுக்கு இடையிலான பண்பாட்டு உறவு நடனத்துக்கும் இசைக்கும் எளிதில் கதவு திறக்கிறது. ஓவியருக்கு வரும்போது தயங்குகிறது. நடனக்குழு வரும், ஆடும், பொன்னாடை பெறும், திரும்பும். ஓவியருக்குத் தேவை நாட்கள். வந்து தங்க வேண்டும், ஊரைப் பார்க்க வேண்டும், கெடுத்துத் திருத்த வேண்டும், செய்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதோடு அவர் இன்றைய உண்மையை வரைவார். போரை, காணாமல் போனவர்களை, பறிமுதல் ஆன படகை வரைவார். அதற்கு இடம் கொடுக்கும் துணிவு ஒப்பந்தத் தாளில் தானாக வந்துவிடாது.

5. மூன்றாம் வீட்டு முற்றம்

அரசுகள் தயங்கிய இடத்தில் கலைஞர்கள் தாங்களே நடந்தார்கள். டெல்லியில் 1997இல் ‘கோஜ்’, கராச்சியில் 2000இல் ‘வாசல்’, கொழும்பில் அதே 2000இல் ‘தீர்த்த’, டாக்காவில் 2002இல் ‘பிரிட்டோ’ என்று கலைஞர் குழுக்கள் தோன்றின. ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்ப் பட்டறைகளில் சேர்ந்து வேலை செய்தார்கள். பகை நாடுகள் என்று செய்தித்தாள் எழுதிய காலத்தில் அவர்கள் ஒரே சமையலறையில் சாப்பிட்டார்கள். இவர்களை இணைத்த முடிச்சு லண்டனில் இருந்தது. டிரையாங்கிள் என்ற கலை அறக்கட்டளை. கொழும்பில் 2013இல் தொடங்கிய ‘கொழும்பஸ்கோப்’ விழாவுக்கும் ஐரோப்பியப் பண்பாட்டு நிறுவனங்களே பெருந்துணை. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே நேரம், பக்கத்து வீட்டாரைப் பார்க்க மூன்றாம் வீட்டு முற்றத்துக்குப் போகிறோமே என்பதையும் எண்ண வேண்டும். அந்த வீட்டில் வரவு குறைந்தால் நம் சந்திப்பும் நின்றுவிடும்.

நமக்குள்ளேயே முற்றம் அமைக்க முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று டாக்கா. அங்கே அரசின் சில்பகலா அகாதெமி 1981 முதல் ஆசியக் கலைக் கண்காட்சியை நடத்திவருகிறது. அதே அகாதெமியின் கட்டடத்தில் 2012 முதல் சம்தானி குடும்பத்தின் அறக்கட்டளை ‘டாக்கா ஆர்ட் சம்மிட்’டை நடத்துகிறது. இடம் அரசுடையது, செலவு ஒரு குடும்பத்தினுடையது. இலங்கையின் சமகாலக் கலையை விரிவாகக் காட்டிய ‘ஒரு நூறாயிரம் சின்னக் கதைகள்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தலைப்புடைய கண்காட்சி முதலில் 2018இல் டாக்காவில்தான் நடந்தது. அதன் பிறகே 2019இல் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் முதல் கண்காட்சியாக அது வீடு திரும்பியது.

மற்றொன்று கொச்சி. 2012இல் தொடங்கிய கொச்சி–முசிரிஸ் பியனாலேக்குக் கேரள அரசு நிதி தருகிறது. எதைக் காட்டுவது என்பதைக் கலைஞரே முடிவு செய்கிறார். ஒவ்வொரு முறையும் கலைஞர்களே நெறியாளர்கள். ஒரு மாநில அரசு உலகத்தைத் தன் துறைமுகத்துக்கு அழைக்க முடியும் என்பதை அது காட்டியது. முசிரிஸ் என்ற பழந்துறைமுகத்தின் பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் மாவட்டத்தில் வைகை கடலில் கலக்கும் இடத்தருகே அழகன்குளம் இருக்கிறது. அங்கே அகழ்ந்த பானையோடு ஒன்றில் யாரோ ஒருவர் கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். கரையில் நின்று, வந்த கப்பலைப் பார்த்து, கையில் இருந்த மண்பாண்டத்தில் கோடு இழுத்திருக்கிறார். இந்தக் கடற்கரையின் காட்சிக்கலை அங்கிருந்தே வருகிறது.

6. தோம்பு என்ற ஒரு புத்தகம்

சமகாலக் கலைக்கு இத்தனை சிரமம் ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் கட்டுரை எழுதிக் காட்டுவதில்லை. ஒரு படைப்பைப் பற்றிச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தா. சனாதனன் டெல்லியில் கலை பயின்றவர். 2011இல் அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ வந்தது. டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். போரில் வீட்டை இழந்த தமிழர், முஸ்லிம்கள் 80 பேரிடம் அவர் ஒன்றுதான் கேட்டார்: உங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுங்கள். அவர்கள் வரைந்தார்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று நடுங்கும் கோடுகள். ஒவ்வொரு படத்துக்கும் கட்டடக் கலைஞர் போடுவது போன்ற அளவான வரைபடமும், சனாதனனின் சொந்தச் சித்திரமும் சேர்ந்து அந்தப் புத்தகம் ஆயிற்று.

அதைப் புரட்டும்போது எனக்கு மண்டபம் முகாம் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திச் சோதித்த இடம். பிறகு இலங்கைப் போரிலிருந்து ஓடிவந்தவர்களைத் தங்கவைத்த இடம். அந்தக் குடியிருப்பில் எத்தனை தரைப்படங்கள் வரையப்படாமல் மனத்துக்குள்ளேயே இருக்கும்? ஓர் அரசுக் கோப்பு இடம்பெயர்ந்தோரின் எண்ணிக்கையைச் சொல்லும். கிணற்றடித் துளசியைச் சொல்லக் கலை வேண்டும். சனாதனனின் கலையை 2016இல் கொச்சியில் காண முடிந்தது. அந்தப் புத்தகம் பிறந்த கரைக்கு நேர் எதிரே இருக்கும் இராமேஸ்வரத்தின் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அது விரிக்கப்பட்டிருந்தால், பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அதில் தங்கள் வீட்டைத் தேடியிருப்பார்கள்.

இரு கரை மீனவருக்கும் இடையிலான மீன்பிடித் தகராறுக்கும் இது பொருந்தும். நம் விசைப்படகு இழுவலை போட்டதால் தன் வலை அறுந்த மன்னார் மீனவரும் தமிழர். சிறைப்பட்ட படகுக்காகக் காத்திருக்கும் பாம்பன் குடும்பமும் தமிழ்க் குடும்பம். கலை தீர்ப்புச் சொல்லாது. ஒருவர் கரையை மற்றவர் பார்க்கும்படி செய்யும். அந்தப் பார்வை இல்லாமல் செய்யும் எந்தத் தீர்வும் நிலைக்கும் என்று நான் நம்பவில்லை.

7. சத்திரம்

ஆகவே நான் கேட்பது இன்னொரு மாடிக் கட்டடம் அல்ல, சத்திரம்.

தஞ்சையிலிருந்து இராமேஸ்வரம் வரும் சேது சாலை நெடுகச் சத்திரங்கள் இருந்தன. ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சேதுபதிகளும் பல கட்டினார்கள். சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சத்திரங்கள் என்ன செய்தன என்று விவரித்திருக்கிறார்: வருபவருக்கு உணவு, நோயுற்றவருக்கு மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு. வழிப்போக்கர் எந்தச் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்ளப் போகிறார் என்று சத்திரத்து மணியக்காரர் கேட்டதில்லை. வழியைக் காத்தார்கள், வேண்டுதலை அவரவரிடம் விட்டார்கள். பண்பாட்டுக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அதை இன்றைய ஏற்பாடாகச் சொல்கிறேன். இராமேஸ்வரம் தீவில் ஒன்று, மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒன்று, இரண்டு வீடுகள் போதும். அங்கிருந்து வரும் ஓவியர் இங்கே மூன்று மாதம் தங்கட்டும். இங்கிருந்து போகிறவர் அங்கே தங்கட்டும். சிங்களக் கலைஞரும் வர வேண்டும், தயக்கமில்லாமல். கரைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்போது தமிழர் தமிழரை மட்டும் பார்த்தால் அது பாதிப் பார்வை. யாரை அழைப்பது என்பதை இரு நாட்டுக் கலைஞர்கள் கொண்ட குழு முடிவு செய்யட்டும். பணம் தருபவர் எவ்வளவு, எத்தனை நாள் என்று மட்டும் சொல்லட்டும். கலைஞருக்குப் பொன்னாடைக்குப் பதில் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது படைப்புகளின் பயணம். கண்காட்சிக்காகக் கடல் கடந்து வந்த ஓவிய நண்பர் ஒருவர், சுங்கத்தில் கேள்வி எழும் என்று அஞ்சிச் சட்டங்களைக் கழற்றிவிட்டுத் துணிகளை மட்டும் சுருட்டிக் கைப்பையில் கொண்டுவந்தார். விரித்தபோது வண்ணம் வெடித்திருந்தது. நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களையும், இரவிவர்மா, அமிர்தா ஷெர்கில் போன்ற ஒன்பது கலைஞர்களின் படைப்புகளையும் நாட்டை விட்டுப் போகாமல் காக்கிறது. இன்று வரையும் இளைஞரின் படத்துக்கு அதில் தடை இல்லை. தற்காலிகமாக வந்து திரும்பும் பொருள்களுக்கு ஏடிஏ கார்னெட் என்ற உலக ஏற்பாடு உண்டு. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. பிணைத்தொகை கட்டத்தான் தனிக் கலைஞரிடம் பணம் இல்லை. அந்தப் பிணையைச் சத்திரத்தின் நிதி ஏற்கலாம். படம் திரும்பியதும் பிணையும் திரும்பிவிடும்.

மூன்றாவது, மனிதர் கடப்பது. முடியாது என்பவர்களுக்குக் கச்சத்தீவை நினைவூட்டுகிறேன். அதைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய யாத்திரிகர் அந்தத் தீவுக்குச் செல்லப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து மக்கள் பெயர் பதிந்துகொண்டு படகேறுகிறார்கள், அக்கரையிலிருந்தும் வருகிறார்கள். இரண்டு நாள் சேர்ந்து ஜெபித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எல்லையைப் பற்றி எவ்வளவு கசப்பான விவாதம் நடந்தாலும், வழிபாட்டுக்கு வழிவிட இரண்டு அரசுகளும் ஒரு வரி எழுதியிருக்கின்றன. கலைக்கும் அப்படி ஒரு வரி எழுத முடியும்.

நான்காவது நம் வீட்டுக் குறை. அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. பாம்பனில் வரையத் தெரிந்த ஒரு மீனவர் மகள் அங்கே போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகங்கள் காட்சிக்கலையைக் கற்பிக்கின்றன. சத்திரத்துக்கு வரும் கலைஞர் வாரம் ஒரு நாள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் கற்பித்தால், அந்தப் பெண் முதல் பாடத்தை வீட்டிலிருந்தபடியே பெறுவாள்.

8. கட்டளை

அறக்கட்டளை என்ற சொல்லில் இருக்கும் கட்டளை கோயிலிலிருந்து வந்தது. ஒருவர் நிலம் எழுதிவைப்பார். அதன் விளைச்சலில் அந்தி விளக்கு எரிய வேண்டும் என்பார். எழுதிவைத்தவர் போன பிறகும் விளக்கு எரியும். அப்படி ஒன்றைத் தொடங்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் தொடங்கிய கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக், கைவினைப் பொருள்கள் செய்து விற்ற காசைச் சேர்த்துக் கடற்கரை மணலில் இடம் வாங்கினார்கள். கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள். நாமும் அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அக்கரையிலிருந்து ஓர் ஓவியர் நிற்கட்டும். அவருடைய வேலைகள் இந்த மண்டபச் சுவரில் ஒரு மாதம் தொங்கட்டும். அவர் தங்க இந்த ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடி கிடைத்தால் போதும்; அதுவே சத்திரத்தின் முதல் அறை. அந்த வீட்டில் ஒரு பதிவேடு வையுங்கள். இராமலிங்க விலாசத்தின் சுவரில் நமக்குக் கிடைக்காமல் போன அந்த வரியை, வரைந்தவரின் பெயரையும் ஊரையும், முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.